ஆசிரியர் துயரும் மாணாக்கர் உரிமையும்

(ஆசிரியர் தினத்தையொட்டி வடபகுதிக் கிராமமொன்றில் ஆசிரியர்களும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியரைப் பாராட்டக் கூடும் கூட்டங்களில் வழங்கும் உவமைகள் சில உள. ஆசிரியர் மெழுகுவர்த்தி என்பர், ஏணி என்பர், தோணி என்பர். நாமும் பல மேடைகளில் இவ்வுவமைகளைக் கையாண்டிருக்கின்றோம். ஆயின், மெழுகுவர்த்திக்கும் ஏணிக்கும் தோணிக்கும் வீடு இல்லை, மக்கள் இல்லை, அவற்றின் வீட்டிற் சாவு நிகழ்வதில்லை. ஆசிரியருக்கு இவை யாவும் உண்டு. இதனை மறந்து செய்யும் பாராட்டு அரைப் பாராட்டேயாகும். ஆகவே, இன்று பாராட்டுரை நிகழ்த்தாது, ஆசிரியரின் சொந்தத் துயர் அவரது பணியை என் செய்கின்றது என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் ஆசிரியர், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடிந்து, பாடசாலைக்குத் திரும்பும் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். வகுப்பறையில் என்றுமில்லா அமைதி. பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்கின்றனர். அவர் இடாப்பைத் திறந்து பெயர்களை வாசிக்கத் தொடங்குகின்றார். இறந்த தம் பிள்ளையின் வயதே உடைய பிள்ளை ஒன்று எழுந்து நின்று, "இங்கே இருக்கிறேன்" என்கின்றது. அக்கணத்தில் அந்த ஆசிரியர் என்ன ஆவார்? எந்த ஆசிரிய கலாசாலையும் இதற்கு விடை கற்பிப்பதில்லை. ஆயினும், இந்த நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் கணத்தைக் கடந்து வந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர் உளர். இந்தக் கூட்டத்திலும் இருக்கின்றனர். அவர்களை நோக்கி நாம் கை நீட்டிக் காட்டப் போவதில்லை. வேறொரு நாட்டில் வாழ்ந்து மறைந்த ஓர் ஆசிரியரின் வாழ்வை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

அவர் இரவீந்திரநாத தாகூர். 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கவிஞராகவே அவரை நம்மவர் அறிவர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் பாடசாலை நடத்தத் தொடங்கிவிட்டார் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி, வங்காளத்திற் போல்பூருக்கு அண்மையிலுள்ள சாந்திநிகேதனத்தில், ஐந்தே மாணாக்கருடன் அப்பாடசாலை தொடங்கிற்று. அவர்களுள் ஒருவர் தாகூரின் மூத்த புதல்வர் இரதீந்திரநாதர். தாகூருக்கு அப்போது வயது நாற்பது. பாடசாலைகளை வெறுத்து, எதிலும் கல்வியை முடியாது வெளியேறியவர் அவர். தமக்குக் கிடையாத பாடசாலையைப் பிறர் பிள்ளைகளுக்கு அமைக்க விரும்பினார். பணமோ போதவில்லை. அவருடைய மனைவியார் மிருணாளினி தேவியார் தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். மாணாக்கருக்குத் தாய் போலிருந்து உணவூட்டினார்.

பாடசாலைக்கு ஓராண்டு நிறைவதற்கு முன், 1902ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, அந்த அம்மையார் காலமானார். முப்பது வயதும் நிரம்பவில்லை. அடுத்த ஆண்டில் இரண்டாவது புதல்வி இரேணுகா சயரோகத்துக்கு இரையானாள், வயது பன்னிரண்டு. 1904ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாடசாலையின் இளம் ஆசிரியரும் தாகூரின் அன்புக்குரியவருமான சதீஷ் சந்திர ராய் வைசூரி கண்டு இறந்தார். பாடசாலையையே சில காலம் சிலைதாவுக்கு மாற்ற நேர்ந்தது. 1905ஆம் ஆண்டு ஜனவரியில் தந்தையார் தேவேந்திரநாதர் மறைந்தார். 1907ஆம் ஆண்டு, விடுமுறைக்காக நண்பனுடன் முங்கேர் நகருக்குச் சென்றிருந்த இளைய புதல்வன் சமீந்திரநாதன் வாந்திபேதி கண்டு இறந்தான். வயது பதினொன்றும் நிரம்பவில்லை. அவன் இறந்த நாளும் நவம்பர் 23. தாய் இறந்த அதே திகதி. எஞ்சிய ஒரே மகன் அப்போது கடல் கடந்து அமெரிக்காவில் இருந்தார்.

ஐந்தாண்டுகளுள் ஐந்து சாவுகள். பாடசாலையோ ஆறு வயதுக் குழந்தை. அதனை மூடிவிட்டுத் தாகூர் கல்கத்தாவுக்குத் திரும்பியிருப்பாராயின், எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவர் மூடவில்லை. மூடாதது மட்டுமன்று, அந்தப் பாடசாலையின் தன்மையே மாறத் தொடங்கிற்று. அம்மாற்றத்தில் மூன்றினை இங்கு எடுத்துக் காட்டுவோம்.

முதலாவது, குழந்தையைக் காணும் பார்வை. 1903ஆம் ஆண்டில், நோயுற்ற இரேணுகாவை மலைக்காற்றுக்காக அல்மோராவுக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, தாயை இழந்த தம் சிறு பிள்ளைகளை மனத்திற்கொண்டு, "சிசு" என்னும் குழந்தைக் கவிதை நூலின் பாடல்கள் பலவற்றைத் தாகூர் இயற்றினார். சாகக் கிடக்கும் மகளின் கட்டிலருகே எழுந்தவை அவை. ஆயின் அவற்றில் ஒப்பாரி இல்லை. குழந்தை என்ன நினைக்கும், எதைக் கண்டு வியக்கும், தாயிடம் எதைக் கேட்கும் என்பதே அவற்றின் பொருள். தம் துயரைக் குழந்தைமேற் சுமத்தாது, தாமே குழந்தையின் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். அந்த மனநிலையே பின்னர் பாடப் புத்தகம் எழுதும் உழைப்பாகவும் தொடர்ந்தது. 1930ஆம் ஆண்டில், அறுபத்தொன்பது வயதில், எழுத்தறியாச் சிறுவர்க்கென "சகஜ பாடம்" எழுதி வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற கவிஞரொருவர் அரிச்சுவடி எழுத அமர்வது சிறு செயலன்று.

இரண்டாவது, விழா. 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிறுவன் சமீந்திரன் தன் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, பருவ காலங்களைக் கொண்டாடும் விழாவொன்றைச் சாந்திநிகேதனத்தில் நடத்தினான். பிள்ளைகள் தாமே பருவங்களாக வேடமிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் அவன் இல்லை. மறு ஆண்டில் தாகூர், பாடசாலைப் பிள்ளைகள் நடிப்பதற்கென்றே, சரற்காலத்தைக் கொண்டாடும் "சாரதோற்சவம்" என்னும் நாடகத்தை எழுதினார். மழைக்கு விழா, வசந்தத்துக்கு விழா என அந்தப் பாடசாலையின் ஆண்டு முழுதும் பின்னர் விழாக்களால் நிறைந்தது. மகனுக்குச் சிலை எடுக்கவில்லை. மகன் தொடங்கிய விளையாட்டை மற்றப் பிள்ளைகள் தொடரும்படி செய்தார். நினைவுச் சின்னம் என்பதற்கு இதனினும் நேரிய பொருளை நாம் கண்டிலோம்.

மூன்றாவது, கிராமம். இதனைக் கமக்காரப் பெரியோர் ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம். சமீந்திரன் இறந்து மூன்று மாதங்களுக்குள், 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாப்னாவிற் கூடிய வங்க மாகாண மகாநாட்டுக்குத் தாகூர் தலைமை வகித்தார். ஆங்கிலமே அரசோச்சிய மேடையில் தாய்மொழியிலே தலைமையுரை நிகழ்த்தினார். இளைஞர் கிராமங்களுக்குச் செல்லவேண்டும், கமக்காரர் ஒன்றுபட்டுக் கூட்டுறவு முறையிலே தொழில் செய்யவேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். மூத்த மகனை 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் சர்வகலாசாலைக்கு அனுப்பியதும் விவசாயம் படிக்கவே. செல்வர் வீட்டு மைந்தரை நியாயவாதிகளாக்க இங்கிலாந்துக்கு அனுப்புவதே பெருமையாயிருந்த காலம் அது. நோபல் பரிசுப் பணத்தைப் பதிசாரில் தாம் நிறுவிய கமக்காரர் வங்கியில் வைப்பிலிட்டு, அதன் வட்டியைப் பாடசாலைக்குப் பயன்படுத்தினார். 1922ஆம் ஆண்டில், எல்மேர்ஸ்ற் என்னும் ஆங்கில விவசாய நிபுணரின் துணையுடன் சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனத்தை அமைத்தார். 1928ஆம் ஆண்டில் ஏர்பூட்டு விழாவைத் தொடங்கித் தாமே கலப்பை பிடித்தார். படித்தவர் ஒரு பக்கம், உழுபவர் ஒரு பக்கம் எனப் பிரிந்த சமூகம் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற மாட்டாது என்பது அவர் கண்ட உண்மை.

இங்கே சட்டத்துறையில் நிற்கும் நாம் ஒரு தடையை எழுப்பியாக வேண்டும். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் மாத்திரம் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. தாகூர் கிராமத்தைப் பற்றி எண்ணத் தொடங்கியது தம் குடும்ப நிலங்களைப் பார்வையிட்ட 1890களிலேயே. மகன் இறந்த பின்னரன்று. பாடசாலை அமைத்ததும் மனைவி இறக்குமுன்னரே. ஆகவே துயரம் அவரை ஆசிரியராக்கிற்று என்று வழக்காடினால் அவ்வழக்குத் தோற்கும். சான்றுகள் காட்டுவது வேறொன்று. அவர் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த பணியைத் துயரம் ஆழப்படுத்திற்று; அதிலிருந்து பின்வாங்கும் வழியை அடைத்தது. துயர் வந்தபோது சாய்ந்து கொள்ள ஒரு பணி அவருக்கு இருந்தது. அப்பணியே அவர் துயருக்கு உருவம் கொடுத்தது.

மற்றுமொன்று. தாகூரை நாம் தெய்வமாக்க வரவில்லை. பாடசாலை தொடங்கிய அதே 1901ஆம் ஆண்டில், அவர் தம் புதல்வியருள் இருவருக்கு மணம் முடித்து வைத்தார். மூத்தவள் மாதுரிலதாவுக்கு வயது பதினான்கு. இரேணுகாவுக்குப் பத்து. பிறர் மக்களுக்கு விடுதலைக் கல்வி வகுத்தவர், தம் பெண் மக்களை அக்கால வழக்கத்துக்குக் கையளித்தார். இரேணுகா இரண்டே ஆண்டுகளில் இறந்தாள்; மாதுரிலதாவும் 1918ஆம் ஆண்டில் சயரோகத்தால் மறைந்தாள். தொடக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த அப்பாடசாலையில், சில ஆண்டுகளின் பின் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். தந்தையின் உள்ளத்தில் கழிவிரக்கம் இருந்ததா என்பதற்கு நம்மிடம் சாட்சி இல்லை. ஆயின் துயரத்துள் குற்றவுணர்வும் கலந்திருக்கும் என்பதைப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் யாவரும் அறிவர். "அன்று அனுப்பாது இருந்திருந்தால்", "அந்த வழியாற் போகாது இருந்திருந்தால்" என்னும் சொற்கள் நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன. அந்த உணர்வைத் தம்மேலேயே பாய விட்டு அழிவதா, பிறர் பிள்ளைக்குக் கதவு திறக்க அதனைப் பயன்படுத்துவதா என்பதே கேள்வி.

1911ஆம் ஆண்டில் தாகூர் எழுதிய "தபால் நிலையம்" என்னும் நாடகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமல் என்னும் நோயுற்ற சிறுவன். வெளியே போகலாகாது என்று வைத்தியர் விதித்த தடை. யன்னலோரம் இருந்து வழிப்போக்கரோடு அவன் பேசும் பேச்சு. எதிரே அமைந்த தபால் நிலையத்திலிருந்து அரசனின் கடிதம் தனக்கும் வரும் என்னும் காத்திருப்பு. கதை இவ்வளவே. முப்பது ஆண்டுகளின் பின், ஹிட்லரின் படைகள் போலந்தின் வார்சோ நகரில் யூத மக்களை மதிலுக்குள் அடைத்து வைத்திருந்தன. அங்கே யானுஸ் கோர்சாக் என்னும் வைத்தியர், ஏறத்தாழ 200 அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்துக் கற்பித்து வந்தார். 1942ஆம் ஆண்டு யூலை 18ஆம் திகதி, அப்பிள்ளைகளைக் கொண்டு இதே நாடகத்தை அவர் அரங்கேற்றுவித்தார். மூன்று வாரம் கழியுமுன், ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், பிள்ளைகள் யாவரும் திரெப்லிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தாம் தப்பிக்க வாய்ப்பிருந்தும் கோர்சாக் அவர்களை விட்டு நீங்கவில்லை. அவர்களோடு சென்று மாண்டார். போல்பூரில் ஓர் ஆசிரியர் தம் துயருக்கிடையே கண்டறிந்த சொற்கள், வார்சோவில் இன்னோர் ஆசிரியர் தம் பிள்ளைகளின் அச்சத்தைத் தணிக்கக் கைகொடுத்தன. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

நமது இலங்கைக்கும் தாகூருக்கும் தொடர்புண்டு. 1934ஆம் ஆண்டில் இங்கு வந்தபோது, ஹொறணையில் ஸ்ரீபாலி என்னும் கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனத்தின் முறையைத் தழுவி எழுந்தது அது. சாந்திநிகேதனமோ 2023ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கட்டடங்களும் பட்டியல்களும் நிற்க, நமக்கு அவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது யாது?

கமக்காரப் பெரியோர் அறிந்த ஓர் உண்மையிலிருந்து தொடங்குவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பெருகி வந்தபோது, கரையோர வயல்களில் உப்பு நீர் பாய்ந்தது. அந்த வயல்கள் தாமாகவே விளைந்தனவா? இல்லை. வரம்பு கட்டி, மழை நீரைத் தேக்கி, வடிகால் வெட்டி, உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்கு மழையும் வேண்டும், காலமும் வேண்டும், அயலவர் கையும் வேண்டும். கண்ணீரும் உப்பு நீரே. துயரம் மனிதரைத் தானாகவே உயர்த்திவிடும் என்று மேடையிற் பேசுதல் எளிது. அது உண்மையன்று. துயரத்தாற் கல்லாய்ப்போன ஆசிரியரையும் நாம் கண்டதுண்டு. பிள்ளை சிரித்தாற் சினப்பார், பிரம்பை எடுப்பார், பின் தனியே இருந்து அழுவார். அவரைப் பழிப்பது எளிது. அவருக்கு வடிகால் வெட்டிக் கொடுத்தவர் யார் என்று கேட்பதே நீதி.

ஆகவே, சமூகம் செய்யவேண்டிய கடமைகள் சிலவற்றை முன்வைக்கின்றோம். துயருற்ற ஆசிரியருக்கு ஓய்வு வேண்டுமெனில் ஓய்வும், பணியே ஆறுதலெனில் பணியும் கிடைத்தல் வேண்டும். எது வேண்டுமென்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும். அவரது பாடவேளையைச் சில காலம் பகிர்ந்துகொள்ளச் சக ஆசிரியர் முன்வரல் வேண்டும். தூர இடத்தில் தனித்து வாழ்பவராயின், வீட்டுக்கு அண்மையில் மாற்றம் கேட்டு அவர் எழுதும் விண்ணப்பம் தூசி படிந்து கிடத்தல் ஆகாது. எல்லாவற்றிலும் மேலாக, அரசியல் இயக்கங்களிற் பணிபுரியும் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை: அவரது துயரை நம் மேடைக்கு அணியாக்கலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த ஆசிரியையை முன்வரிசையில் இருத்திப் படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் அவர் எவ்வாறு வகுப்புக்குச் சென்றார் என்று கேளாதிருப்பது பெரும் பிழை. அப்பிழையை நாமும் செய்திருக்கின்றோம். அதனை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இனி, தாகூரின் எடுத்துக்காட்டு நமக்கு எட்டாது நின்றுவிடும் ஓர் இடத்தையும் கூறியாகவேண்டும். தாகூருக்குத் திகதி தெரியும். மகன் எங்கே, எந்த நோயால், எந்த இரவில் இறந்தான் என்பது தெரியும். கடைசிக் கணத்தில் அருகே இருந்தார். இங்கோ, 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபோது கையளித்த மகனுக்கு என்ன நேர்ந்தது என்று அறியாத பெற்றோர் உளர். அவர்களுள் ஆசிரியரும் உளர். அவர்கள் அந்தியேட்டி செய்வதா, விரதம் இருந்து காத்திருப்பதா? 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறிற்று. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்மார் தெருவோரம் அமர்ந்து போராட்டந் தொடங்கினர். தாள்கள் பிறந்தன, விடை பிறக்கவில்லை. திகதியில்லாத துயரை எந்த ஆசிரியராலும் பணியாக மாற்றிக்கொள்ளுதல் அரிது. எனவே, உண்மையைக் கேட்பது அரசியற் கோரிக்கை மாத்திரமன்று. அது கல்விக் கோரிக்கையுமாகும். அந்த ஆசிரியர் மனமொன்றிக் கற்பிப்பதற்கு அவருக்கு உண்மை வேண்டும். அதனைப் பெற்றுக்கொடுக்கும் கடமை சட்டம் படித்தவர்களாகிய நம்மைச் சாரும். அதனை இன்னும் நாம் நிறைவேற்றவில்லை.

இறுதியாக, மாணாக்கரின் உரிமை. நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்போர் 2009ஆம் ஆண்டின் பின் பிறந்த பிள்ளைகள். நடந்தவற்றை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனை மறைத்தல் தகாது. ஆயின், நம் காயத்தைத் தம் உடலிற் சுமக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. தாகூர் சமீந்திரனின் சாவை மற்றப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவில்லை. அவனது விழாவை ஒப்படைத்தார். இறந்த பிள்ளை எதை விரும்பிற்று, எந்தப் பாடத்தில் மகிழ்ந்தது, எந்த விளையாட்டைத் தொடங்கிற்று என்பவற்றை உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஒரு பாடசாலையில் அது ஒரு தோட்டமாகலாம், ஒரு நூற்கூடமாகலாம், மாலை நேர வகுப்பாகலாம். கமக்காரர் அதற்கு நிலத்தையும் உழைப்பையும் தரலாம். உத்தியோகத்தர் பணத்தையும் நேரத்தையும் தரலாம். பெயர்ப் பலகை வேண்டுமா என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கட்டும்.

நாளைக் காலையும் பாடசாலை மணி அடிக்கும். ஆசிரியர் இடாப்பைத் திறப்பார். ஒரு பெயரை வாசிக்கும்போது அவர் குரல் சற்றுத் தளரலாம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: அப்போது ஆசிரியரை வெறித்துப் பார்க்க வேண்டாம், சிரிக்க வேண்டாம், அவர் அடுத்த பெயரை வாசிக்கும்வரை பொறுத்திருங்கள் என்று. அந்தப் பொறுமையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது வீட்டின் வேலை. மிகுதியை ஆசிரியர் கற்பிப்பார்.